பறவைகளைக் காத்த நாடகக் கண்ணாடி!

1886-ம் ஆண்டு. அமெரிக்காவில் நியூயார்க் நகரம். பிராங்க் சாப்மன் என்ற பறவைப் பிரியர் கடைத்தெரு வழியே இரண்டு முறை நடந்தார். எதிரே வந்த பெண்களின் தொப்பிகளை எண்ணினார்.

மொத்தம் 700 தொப்பிகள். அவற்றில் 542 தொப்பிகளில் பறவை இறகுகள் இருந்தன. சில தொப்பிகளில் முழுப் பறவையையே பாடம் செய்து வைத்திருந்தார்கள்! 40 வகைப் பறவைகளை அவர் அடையாளம் கண்டார்.

அந்தக் கால நாகரிகம் அது. அதற்காகப் பறவைகள் லட்சக்கணக்கில் செத்து மடிந்தன. இந்தக் கொடுமையைத் தடுக்கக் கிளம்பினார், ஒரு கல்லூரி மாணவி. அவர் பெயர் புளோரன்ஸ் மெரியம்.

மாணவிகள் சங்கம்

புளோரன்ஸ் 1863-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். நாட்டுப்புறத்தில் வளர்ந்தார். அவருடைய அண்ணன் ஹார்ட் மெரியம் பறவை ஆராய்ச்சியாளர். அந்த ஆசை தங்கைக்கும் வந்தது.

1882-ல் மாசசூசெட்சில் உள்ள ஸ்மித் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் தொப்பிகளில் செத்த பறவைகள்!

கண்டித்துப் பேசினால் மட்டும் போதாது என்று புளோரன்ஸ் நினைத்தார். 1886-ல் ஒரு தோழியுடன் சேர்ந்து பறவைச் சங்கம் தொடங்கினார். மாணவிகளைக் காட்டுக்கு அழைத்துப் போனார். கிளையில் பாடும் பறவைகளைக் காட்டினார். பேர் சொல்லி அறிந்த பறவையைக் கொன்று தலையில் சூட யாருக்கு மனம் வரும்? சுமார் 100 மாணவிகள் சங்கத்தில் சேர்ந்தார்கள்.

சுட்டால்தான் தெரியுமா?

அந்த நாளில் அறிஞர்களும் துப்பாக்கியையே நம்பினார்கள். பறவையைச் சுட்டு வீழ்த்துவார்கள். கையில் வைத்து அளந்து பார்ப்பார்கள். பிறகே பெயர் சொல்வார்கள்.

புளோரன்ஸ் வேறு வழி காட்டினார். நாடகம் பார்க்கப் போகும் சீமாட்டிகள் சிறிய இரட்டைக் கண்ணாடி வைத்திருப்பார்கள். தூரத்து மேடையை அது கிட்டத்தில் காட்டும். அந்தக் கண்ணாடியுடன் அவர் தோப்புக்குப் போனார். 1889-ல் "நாடகக் கண்ணாடி வழியே பறவைகள்" என்ற நூலை வெளியிட்டார். 70 பறவைகளைப் பற்றிச் சாதாரண மக்களுக்கும் புரியும்படி எழுதினார்.

பளிச்சென்ற உடை கூடாது. பேச்சு கூடாது. மெதுவாக நடக்க வேண்டும். மரத்தோடு மரமாக அசையாமல் நிற்க வேண்டும். இவை அவர் சொல்லித் தந்த பாடங்கள்.

எந்தப் பறவை?

அமெரிக்கத் தோப்புகளில் ரோஜா மார்பு குரோஸ்பீக் என்ற பறவை உண்டு. குரோஸ்பீக் என்றால் பருத்த அலகு என்று பொருள். ஆண் பறவையை எளிதில் அறியலாம். தலையும் முதுகும் கறுப்பு. வயிறு வெள்ளை. மார்பில் ரோஜா நிறம்.

பெண் பறவையோ பழுப்பு நிறம். உடம்பில் கோடுகள் இருக்கும். ஊதா பிஞ்ச் என்ற குருவியின் பேடையும் அதே மாதிரிதான். பார்ப்பவர் ஏமாந்து போவார். ஆனால் குரோஸ்பீக் உருவத்தில் பெரியது. அலகு மிகவும் தடித்தது. கூட வரும் ஆணைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இதற்குத் துப்பாக்கி எதற்கு? பொறுமை போதும்.

குதிரை மேல் பயணம்

இடையில் புளோரன்சின் உடல்நலம் கெட்டது. காச நோயோ என்று பயந்தார்கள். அவர் மேற்குப் பகுதிக்குப் போனார். கலிபோர்னியாவில் குதிரை மேல் ஏறிப் பறவைக் கூடுகளைத் தேடினார். உடம்பும் தேறியது.

1899-ல் வெர்னன் பெய்லி என்ற விஞ்ஞானியை மணந்தார். இருவரும் காடு மலையெல்லாம் சுற்றினார்கள். 1902-ல் மேற்கு அமெரிக்கப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். 1931-ல் புருஸ்டர் பதக்கம் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவரே.

அவரைப் போன்ற பலருடைய முயற்சி வீண் போகவில்லை. 1918-ல் வலசை போகும் பறவைகளைக் காக்க அமெரிக்காவில் சட்டம் வந்தது.

புளோரன்ஸ் 1948-ம் ஆண்டு தமது 85-ம் வயதில் காலமானார். அவர் வாழ்ந்தபோதே, 1908-ல், கலிபோர்னியா மலைக்குருவி வகை ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அந்தக் குருவி இன்றும் அங்கே கிளைக்குக் கிளை தாவித் திரிகிறது.