வாத்தியாருக்கே வாத்தியார்! "சபாபதி" வேலைக்காரன் காளி என்.ரத்தினம் கதை

முதலாளி சோடா உடைத்துக் கொண்டு வரச் சொல்கிறார். வேலைக்காரன் போகிறான். பாட்டிலையே சுக்கு நூறாக உடைத்து எடுத்துக் கொண்டு வந்து நிற்கிறான்! முகத்தில் துளி சிரிப்பு இல்லை. சொன்ன வேலையை முடித்துவிட்ட திருப்தி மட்டும்தான்.

1941-ல் வெளிவந்த "சபாபதி" படத்தில் வரும் காட்சி இது. இன்றைக்கும் பஸ்சில் உட்கார்ந்து செல்போனில் இதைப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்த வேலைக்காரன் யாரென்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

அவர்தான் காளி என்.ரத்தினம். புதுக்கோட்டை தந்த பி.யு.சின்னப்பாவும், பிற்காலத்தில் ரசிகர்கள் "வாத்தியார்" என்று கொண்டாடிய எம்.ஜி.ஆரும் சிறுவர்களாக இருந்து தொழில் கற்ற நாடகக் கம்பெனியில் இவர்தான் வாத்தியார். ஆமாம், வாத்தியாருக்கே வாத்தியார்!

காளி வேஷம்

ரத்தினத்துக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம் மலையப்பநல்லூர். பிழைப்பு தேடிக் கொண்டது நாடக மேடையில்.

பாய்ஸ் கம்பெனி நாடகத்தில் பெண் வேஷத்தையும் ஆண்பிள்ளைகள்தான் கட்ட வேண்டும். "கோவலன்" நாடகத்தில் ரத்தினத்துக்குக் கிடைத்தது காளி வேஷம். அதில் வாங்கிய பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு எத்தனையோ வேஷம் போட்டார். "காளி" மட்டும் போகவில்லை. ஊரையே சிரிக்க வைத்த மனுஷனுக்குப் பெயருக்கு முன்னால் உக்கிர தெய்வம்!

பாய்ஸ் கம்பெனி

சச்சிதானந்தம் பிள்ளை நடத்திய மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி அந்தக் காலத்தில் பெரிய பெயர். பையன்களுக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம் கம்பெனி வீட்டில்தான். பாட்டுப் பாடம், வசனப் பாடம், ஆட்டம் என்று ஒரே பயிற்சி. மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் விழுகிற மாதிரி பேச வேண்டும், பாட வேண்டும். இதையெல்லாம் பையன்களிடம் வாங்குவதுதான் வாத்தியார் வேலை.

நம்ம ஊர் சின்னப்பா அங்கே சேர்ந்தபோது சம்பளம் 15 ரூபாய். அவர் பாட்டைக் கேட்ட முதலாளி ஒரே தாவாக 75 ரூபாய் ஆக்கிவிட்டார். பையன் கதாநாயகன் ஆனான்.

ஆனால் பாய்ஸ் கம்பெனியில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. மீசை அரும்புகிற வயதில் குரல் உடைந்துவிடும். மகரக்கட்டு என்பார்கள். அதோடு பாட்டு போச்சு, வேஷமும் போச்சு. சின்னப்பாவுக்கும் அதே கதிதான். கம்பெனியை விட்டுப் புதுக்கோட்டைக்கே திரும்பி வந்தார். மனம் தளராமல் சங்கீதம் படித்தார், சிலம்பம் பழகினார். குரலும் திரும்ப வந்தது. எத்தனை பையன்களுக்கு அது திரும்பி வராமலே போயிருக்கும்!

மடாதிபதி

1936-ல் ஜூபிடர் நிறுவனத்தார் "சந்திரகாந்தா" படத்தை எடுத்தார்கள். ஜே.ஆர்.ரங்கராஜு எழுதிய நாவல் அது. மடத்துக்குள் நடக்கும் தில்லுமுல்லுகளைப் போட்டு உடைத்த கதை. சின்னப்பாவுக்கு அதுதான் முதல் படம். சுண்டூர் இளவரசன் வேஷம். வாத்தியார் ரத்தினத்துக்கு மடாதிபதி வேஷம். மேடையில் ஒரே கம்பெனியில் இருந்த இரண்டு பேரும் வெள்ளித்திரையிலும் ஒரே படத்தில்.

இரண்டு சபாபதி

பிறகுதான் "சபாபதி" வந்தது. சுகுண விலாச சபாவை நடத்திய பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய நாடகம். அவர் நீதிபதியாக இருந்தவர். அதைப் படமாக்கியவர் ஏ.வி.மெய்யப்பச் செட்டியார். ஏ.டி.கிருஷ்ணசாமியோடு சேர்ந்து டைரக்ட் செய்தார்.

கதை இவ்வளவுதான்: பணக்கார வீட்டுப் பிள்ளை சபாபதி. படிப்பு ஏறாது. பரீட்சையில் கோட் அடிக்கிறவர். அவருடைய வேலைக்காரன் பெயரும் சபாபதி! எஜமான் மண்டு என்றால் வேலைக்காரன் மகா மண்டு. எஜமான் சொல்வதை அட்சரம் பிசகாமல் செய்து, எல்லாவற்றையும் கெடுத்துவிடுவான்.

எஜமானாக வந்தவர் டி.ஆர்.ராமச்சந்திரன். உருட்டி உருட்டி விழிக்கிற கண்ணுக்காரர். 1917-ல் பிறந்தவர், அப்போது 24 வயது. வேலைக்காரன் ரத்தினமோ நாற்பதைத் தாண்டியவர். தன்னிடம் பாடம் படிக்கிற வயதுள்ள பையனுக்கு முன்னால் கைகட்டி நின்று, திட்டு வாங்கி, முட்டாளாக நடித்தார்.

இதில்தான் தொழில் இருக்கிறது. ரத்தினம் சிரிப்புக் காட்டுவதற்காக முகத்தைக் கோணுவதில்லை. தான் செய்வது சரி என்று நம்புகிறார், அவ்வளவே. எதிரில் ராமச்சந்திரன் விழிக்க விழிக்க, கொட்டகை சிரிக்கிறது. ஒருவர் இல்லாமல் இன்னொருவர் எடுபட மாட்டார். வீட்டு வேலைக்காரி குண்டுமுத்துவாக சி.டி.ராஜகாந்தம். ரத்தினத்துக்கும் அவருக்கும் ஜோடிப் பொருத்தம் அப்படி! பள்ளிக்கூட வாத்தியாராக வந்து மாட்டிக்கொண்டு முழிப்பவர் கே.சாரங்கபாணி. கதாநாயகி பத்மா, லக்ஸ் சோப் விளம்பர அழகி.

படம் வந்த தேதி 1941 டிசம்பர் 14. ஜப்பான்காரன் பேர்ல் ஹார்பரில் குண்டு போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அடுத்த வருஷம் சென்னையிலும் குண்டு விழும் என்று பயந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் சிரிக்க வைத்த படம் இது.

சிஷ்யர்கள்

1942-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த "மனோன்மணி"யில் மறுபடியும் வாத்தியாரும் சின்னப்பாவும் சேர்ந்தார்கள். சின்னப்பா அப்போது உச்சத்தில். வாத்தியாருக்கு வழக்கம் போல சிரிப்பு வேஷம்தான்.

சம்பாதித்த பணத்தில் சின்னப்பா புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கித் தள்ளினார். இனி வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு.

இன்னொரு சிஷ்யர் எம்.ஜி.ஆர். பதினொரு வருஷம் சின்னச் சின்ன வேஷத்திலேயே காலம் தள்ளி, 1947-ல் "ராஜகுமாரி"யில் கதாநாயகன் ஆனார். அதைப் பார்க்க வாத்தியார் இருந்தார்.

1950-ல் காளி என்.ரத்தினம் காலமானார். மறு வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி சின்னப்பாவும் போய்விட்டார். அவருக்கு வயது 35.