தீப்பொறி விற்றவர் டீசலுக்கு வந்த கதை

கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி எல்லை வரைக்கும் ஓடுற லாரிக்காரர்களுக்கு இது தெரியும். வண்டி கரும்புகை தள்ளினால் முதல் சந்தேகம் நாசில் மேல்தான். பம்ப் கடையில் அதைக் கழற்றி டெஸ்டரில் மாட்டி, கைப்பிடியை அழுத்துவார்கள். கேஜ் முள் ஏறும். பழைய லாரி நாசில் பலவும் 200 பார் அழுத்தத்தை ஒட்டித்தான் திறக்கும். கார் டயரில் நாம அடிக்கிற காற்றைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு! டீசல் பனிமூட்டம் மாதிரி பிரிந்தால் நாசில் நல்லா இருக்கு. நுனியில் சொட்டினால் வேலை இருக்கு. (கையை மட்டும் குறுக்கே நீட்டிடாதீங்க. அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.)

இவ்வளவு அழுத்தத்தை, லாரியில் மாட்டுகிற அளவு பம்புக்குள் அடக்கி, ஆலையில் வரிசையாகச் செய்து விற்றவர் ராபர்ட் பாஷ்.

1861-ல் ஜெர்மனியின் உல்ம் நகருக்குப் பக்கத்தில் ஆல்பெக் கிராமத்தில் பிறந்தார். 12 பிள்ளைகளில் 11-வது. மெக்கானிக் வேலை கற்று, அமெரிக்காவில் எடிசன் கம்பெனியிலும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, 1886-ல் ஸ்டுட்கார்ட்டில் பட்டறை போட்டார். வருஷக்கணக்கில் இழுபறிதான். தூக்கிவிட்டது, பெட்ரோல் இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ. 1902-ல் அவரிடம் வேலை பார்த்த கோட்லோப் ஹோனோல்ட் அதை ஸ்பார்க் பிளக்கோடு சேர்த்து மேம்படுத்த, உலகமெங்கும் விற்றது. 1906-லேயே தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை கொடுத்த முதலாளி இவர்.

ஆனா டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறியே வேண்டாமே! காற்றை நெருக்கினால் கொதிக்கும். அதில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக்காட்டிய இன்ஜினில், எரிபொருளை ஊதித் தள்ளவே தனியாக ஒரு கம்ப்ரசர் இருந்தது. ஆலைக்கும் கப்பலுக்கும் சரி, லாரியில் அதை எங்கே வைப்பது? 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போன டீசல் வழியில் காணாமல் போனார். கடலில் சடலம்தான் கிடைத்தது. டீசல் லாரிகள் ரோட்டை நிறைத்ததை அவர் பார்க்கவே இல்லை.

1921-ல் பாஷின் மகன் நோயில் இறந்தார். அடுத்த வருஷம், 61 வயதில், டீசல் பம்ப் செய்வது என்று முடிவெடுத்தார் பாஷ். தீப்பொறி விற்றுச் சம்பாதித்தவர், தீப்பொறி தேவைப்படாத இன்ஜினில் பணத்தைப் போடுகிறார். மேக்னெட்டோவைவிட இதைத்தான் அவருடைய பெரிய துணிச்சல் என்பேன்.

வேலை லேசில்லை. பம்புக்குள் மேலும் கீழும் போகும் பிளஞ்சருக்கும் அதைச் சுற்றிய பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் சிறு துணுக்கு. கொஞ்சம் கூடினாலும் டீசல் பக்கவாட்டில் கசியும், அழுத்தம் நிற்காது. குறைந்தால் பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும். எல்லா சிலிண்டருக்கும் ஒரே அளவு, சரியான நேரத்தில் போகவும் வேணும். ஒன்றைச் செய்வதே கஷ்டம். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்யணும். ஐந்து வருஷம் பிடித்தது. 1927-ல் தொடர் உற்பத்தி தொடங்கியது, லாரியில் ஆரம்பித்து 1936-ல் பென்ஸ் காருக்கும் போனது.

கடைசிக் காலம் சிக்கலானது. ஹிட்லர் ஆட்சியில் யூதர்களுக்கு உதவினார், எதிர்ப்பாளர்களுக்குத் துணைநின்றார். அதே நேரம் அவர் கம்பெனி போர்த் தளவாடமும் செய்தது, கட்டாயத் தொழிலாளர்களையும் வைத்திருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும். 1942 மார்ச்சில் இறந்தார்.

1951-ல் இந்தியாவில் மைக்கோ தொடங்கியது. பெங்களூர் ஆடுகோடி ஆலையில் பம்பும் நாசிலும் தயாராயின. 2008-ல் கம்பெனி பெயர் பாஷ் என்று மாறியது. பழைய மெக்கானிக்குகள் வாயில் இன்னும் அது மைக்கோ பம்ப்தான்.