பிரெடரிக் லான்செஸ்டர்

பிரெடரிக் வில்லியம் லான்செஸ்டர் (அக்டோபர் 23, 1868 – மார்ச் 8, 1946) ஓர் ஆங்கிலேயப் பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். பிரித்தானியாவில் முழுவதும் உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் நான்கு சக்கரப் பெட்ரோல் தானுந்தை உருவாக்கியவர் இவரே. வானூர்தியின் இறக்கை எவ்வாறு ஏற்றவிசையைப் பெறுகிறது என்பதைத் தொடக்க காலத்திலேயே விளக்கியவர்களுள் ஒருவர். போரில் படைகளின் எண்ணிக்கைக்கும் இழப்புக்கும் உள்ள தொடர்பைக் கூறும் கணித விதிகளும் இவர் பெயராலேயே வழங்குகின்றன. இத்தனைக்கும் மேலாக, இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான டீசல் தானுந்துகளின் பொறிமுனையில் சுழலும் அதிர்வொடுக்கியின் மூலக் கருத்தும் இவருடையதே.

இளமையும் கல்வியும்

லான்செஸ்டர் இலண்டனின் லூயிஷாம் பகுதியில் பிறந்தார். தந்தை ஹென்றி ஜோன்ஸ் லான்செஸ்டர் ஒரு கட்டடக் கலைஞர். தாய் ஆக்டேவியா, இலத்தீனும் கணிதமும் கற்பித்தவர். எட்டுப் பிள்ளைகளில் இவர் நான்காமவர். இவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பிரைட்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. சவுத்தாம்ப்டனில் இருந்த ஹார்ட்லி நிறுவனத்தில் பயின்ற பின்னர், உதவித்தொகை பெற்று இலண்டன் தென் கென்சிங்டனில் அறிவியல் கற்றார். அங்கு பொறியியல் பாடம் போதவில்லை என்று கருதி, மாலை நேரங்களில் பின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்தார். எனினும் பட்டம் எதுவும் பெறாமலேயே படிப்பை முடித்துக்கொண்டார்.

சிறிது காலம் காப்புரிமை வரைபடங்கள் வரையும் பணியில் இருந்தார். பிறகு பர்மிங்காம் நகரின் சால்ட்லி பகுதியில் இருந்த ஃபார்வர்டு எரிவளிப்பொறி நிறுவனத்தில் சேர்ந்தார். பணியாளர் செய்யும் மேம்பாடுகள் யாவும் நிறுவனத்துக்கே உரியவை என்றொரு விதி அவருடைய பணி ஒப்பந்தத்தில் இருந்தது. அவ்வரியை அடித்துவிட்டுத்தான் அவர் கையெழுத்திட்டார். இருபது வயது இளைஞர் ஒருவருக்கு இது துணிச்சலான செயலே. அதன் பயனும் விரைவிலேயே கிட்டியது. பொறியின் வேகத்தைக் கட்டுப்படுத்த அவர் உருவாக்கிய ஊசல் அமைப்பு பொருத்தப்பட்ட ஒவ்வொரு பொறிக்கும் பத்து ஷில்லிங் உரிமத்தொகை கிடைத்தது. எரிவளிப்பொறியைத் தானாகத் தொடங்கச் செய்யும் கருவியின் உரிமையைக் கிராஸ்லி நிறுவனத்துக்கு நல்ல விலைக்கு விற்றார். பின்னர் இவரே தொழிற்சாலை மேலாளராகவும் உயர்ந்தார்.

முதல் தானுந்து

லான்செஸ்டர் முதலில் ஒரு படகுக்குப் பெட்ரோல் பொறி அமைத்தார். அப்படகு 1894 நவம்பர் 2 ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் நீரில் இறக்கப்பட்டது. அடுத்து, தம்பியர் ஜார்ஜ், ஃபிராங்க் ஆகியோரின் துணையுடன் தானுந்து அமைக்கும் பணியில் இறங்கினார். அவ்வண்டி 1896 தொடக்கத்தில் சாலையில் ஓடியது. தானே இயங்கும் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து செல்லவேண்டும் என்ற சட்டம் அப்போது இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்தது. அச்சட்டம் அவ்வாண்டு நவம்பரில்தான் தளர்த்தப்பட்டது.

அக்காலத்துத் தானுந்துகள் பெரும்பாலும் குதிரை வண்டியில் பொறியைப் பொருத்தியது போன்றவை. லான்செஸ்டர் அவ்வழியைப் பின்பற்றவில்லை; வண்டி முழுவதையும் ஒரே அமைப்பாகக் கருதித் தொடக்கத்திலிருந்தே வடிவமைத்தார். பொறியின் அதிர்வு அவருக்குப் பெரும் தொல்லையாகப் பட்டது. ஆகவே ஒற்றை உருளை கொண்ட முதற்பொறியிலேயே, எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு வணரித்தண்டுகளையும் (கிராங்க் சாஃப்ட்) இரண்டு சுழற்சிச் சக்கரங்களையும் (ஃபிளைவீல்) அமைத்தார். ஒன்றின் உலுக்கலை மற்றொன்று ஈடுசெய்தது. அதிர்வுக்கு எதிரான இந்தப் போராட்டம் அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

1899 டிசம்பரில் லான்செஸ்டர் பொறி நிறுவனம் பர்மிங்காமில் தொடங்கப்பட்டது. கோள்வகைப் பல்லிணைப்பெட்டி, ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடிய உதிரி உறுப்புகள் ஆகியவை இவ்வண்டிகளின் சிறப்புகள். 1902 இல் வட்டுத்தடைக்கும் (டிஸ்க் பிரேக்) காப்புரிமை பெற்றார். அன்று கிடைத்த பொருள்கள் அதற்கு ஏற்றவையாக இல்லாததால் அது பரவவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின்னரே உலகம் அதற்குத் திரும்பியது. எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங் இந்நிறுவனத்தின் தொடக்ககால வாடிக்கையாளர்களுள் ஒருவர்.

வண்டிகளுக்குக் கேட்பு இருந்தும் நிறுவனத்தில் போதிய முதல் இல்லை. 1904 இல் அது நொடித்து, பின்னர் லான்செஸ்டர் மோட்டார் நிறுவனம் என்ற பெயரில் மீண்டும் எழுந்தது. இயக்குநர்களுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாடுகளால் லான்செஸ்டர் படிப்படியாக விலகினார். வடிவமைப்புப் பொறுப்பு தம்பி ஜார்ஜிடம் சென்றது. 1909 இல் டெய்ம்லர் நிறுவனத்தின் ஆலோசகரானார்.

வணரித்தண்டு அதிர்வொடுக்கி

டெய்ம்லரில் அவர் எதிர்கொண்ட சிக்கல் வணரித்தண்டு முறிவு. ஆறு உருளைப் பொறிகள் அப்போது புதியவை. நான்கு உருளைப் பொறியைவிட மென்மையாக ஓடவேண்டிய இவை, சில குறிப்பிட்ட வேகங்களில் கடுமையாக அதிர்ந்தன. அவ்வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால் தடித்த எஃகுத் தண்டும் முறிந்தது.

இதன் காரணம் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதன்று. வணரித்தண்டு பார்வைக்கு உறுதியான எஃகுத் துண்டு. ஆயினும் அது ஒரு முறுக்குவில்லும் ஆகும். ஒவ்வொரு உருளையிலும் எரிதல் நிகழும்போது தண்டு சிறிதளவு முறுக்கப்பட்டு மீள்கிறது. ஈரத்துணியைப் பிழிந்து விடுவது போன்றது இது. முறுக்கத்தின் அளவு மட்டும் மிகச் சிறியது. எந்த வில்லுக்கும் உள்ளது போலவே தண்டுக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு தண்டின் இயல்பு அதிர்வெண் நொடிக்கு 150 எனக் கொள்வோம். ஆறு உருளை நான்கு வீச்சுப் பொறியில் ஒரு சுற்றுக்கு மூன்று எரிதல்கள் நிகழும். எனவே நொடிக்கு 50 சுற்றுகள், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் என்ற வேகத்தில் எரிதல்களின் தாளமும் தண்டின் தாளமும் ஒன்றிவிடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருப்பது போல முறுக்கம் வளர்ந்துகொண்டே போகும். தண்டு நீளமாக ஆக அதன் இயல்பு அதிர்வெண் குறைந்து, ஓட்டும் வேகங்களுக்குள் வந்துவிடுகிறது. ஆறு உருளைப் பொறிகள் இதில் சிக்கியது இதனால்தான்.

தண்டைத் தடிமனாக்குவது ஒரு வழி. ஆனால் எடை கூடும். ஆபத்தான வேகமும் இடம் மாறுமே தவிர மறையாது. லான்செஸ்டர் வேறு வழி கண்டார். தண்டின் முன்முனையில், அதாவது முறுக்க வீச்சு மிகுந்த இடத்தில், ஒரு சிறு சுழற்சிச் சக்கரத்தைத் தண்டுடன் இறுகப் பிணைக்காமல் அமைத்தார். உராய்வுத் தட்டுகளோ பாகுத்தன்மை உள்ள எண்ணெயோ மட்டுமே இரண்டையும் இணைத்தன. தண்டு சீராகச் சுழலும்போது சக்கரமும் உடன் சுழலும். தண்டு முன்னும் பின்னும் துடித்தால், சக்கரம் தன் நிலைமத்தால் அத்துடிப்பைப் பின்பற்றாது. இடையில் நழுவல் ஏற்படும். அதிர்வின் ஆற்றல் அங்கே வெப்பமாக மாறி வெளியேறும். இதற்கு 1910 இல் காப்புரிமை பெற்றார். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் ஹென்றி ராய்ஸும் அதே காலப்பகுதியில் இதே சிக்கலோடு போராடி, ஒத்த தீர்வொன்றை அடைந்தார் என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும்.

இதனுடன் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் மற்றொரு கண்டுபிடிப்பும் லான்செஸ்டருடையதே. நான்கு உருளைப் பொறியில் உந்துதண்டுகளின் (பிஸ்டன்) ஏற்ற இறக்கத்தால் பொறி முழுவதும் மேலும் கீழும் குலுங்கும். இதனை ஈடுசெய்ய, வணரித்தண்டைப்போல் இருமடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சமன்படுத்தும் தண்டுகளை அவர் அமைத்தார். முந்தையது தண்டின் முறுக்கத்தைத் தணிப்பது. இது பொறியின் குலுக்கத்தைத் தணிப்பது. 1970களில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் இக்கருத்தை மேம்படுத்திப் பயன்படுத்திய பிறகு அது உலகெங்கும் பரவியது.

இன்றைய டீசல் தானுந்துகளில்

டீசல் பொறியில் அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தாலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. உருளையின் அழுத்தம் மிகுதி; ஆகவே வணரித்தண்டு பெறும் அடியும் வலியது. எனவே நான்கு உருளை டீசல் தானுந்துகளிலும் அதிர்வொடுக்கி இன்றியமையாததாகிவிட்டது. இப்போது இது பெரும்பாலும் மின்னாக்கி, குளிரூட்டி ஆகியவற்றை ஓட்டும் பட்டையின் (பெல்ட்) கப்பியோடு ஒன்றாகவே அமைகிறது. நடுவே ஒரு குடம், வெளியே ஒரு கனத்த வளையம், இரண்டுக்கும் இடையே ரப்பர் என்பது இதன் அமைப்பு. துல்லியமாகச் சொன்னால் இது லான்செஸ்டரின் மூல வடிவம் அன்று. ரப்பர் ஒரு வில்லாகவும் செயல்படுவதால் இது குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு இசைவிக்கப்பட்டது. சிலிக்கோன் எண்ணெய் நிரப்பிய பெரிய சரக்குந்துப் பொறிகளின் அதிர்வொடுக்கிகளே லான்செஸ்டரின் நேர் வழித்தோன்றல்கள்.

ரப்பர் காலப்போக்கில் வெடித்துப் பிரியும். அண்மையில் உள்ள எண்ணெய்க் கசிவு அதனை விரைவுபடுத்தும். வளையம் தள்ளாடுவதும், பட்டை கிறீச்சிடுவதும், தாழ்ந்த வேகத்தில் தட்டும் ஒலி எழுவதும் அறிகுறிகள். குடத்துக்கும் வளையத்துக்கும் குறுக்கே ஒரு வண்ணக்கோடு இட்டுச் சிறிது தொலைவு ஓட்டிப் பார்த்தால், கோடு விலகியிருப்பதைக் கொண்டு நழுவலை அறியலாம். பழுதைக் கவனியாமல் விட்டால் வளையம் கழன்று பட்டை அறும். மின்கலம் மின்னேற்றம் பெறாது. அறுந்த துண்டுகள் ஒழுங்குப்பட்டையின் (டைமிங் பெல்ட்) உறைக்குள் புகுந்தால் பொறியே பாழாகலாம்.

கருவிகளும் பொறுமையும் உள்ளவர்கள் இதனை வீட்டிலேயே மாற்றுகின்றனர். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, சக்கரத்தையும் சேறுகாப்பையும் கழற்றி, இறுக்கியைத் தளர்த்திப் பட்டையை எடுக்கவேண்டும். எளிதில் தவறு நேரும் இடம் அதன் பின்னர் வருவதே. சில பொறிகளில் கப்பி பல சிறு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். அங்கு வேலை எளிது. வேறு சிலவற்றில் நடுவில் உள்ள ஒரே பெரிய போல்ட்டு கப்பியை மட்டுமன்றி ஒழுங்குப்பட்டையின் பல்சக்கரத்தையும் சேர்த்து இறுக்குகிறது. பல்சக்கரத்துக்குச் சாவி இல்லாத வகையாயின், போல்ட்டைத் தளர்த்தியவுடன் ஒழுங்கு பிறழக்கூடும். உந்துதண்டு ஓரதரில் (வால்வு) மோதிப் பொறி சிதையும். எனவே உரிய பூட்டுக்கருவிகளால் பொறியை நிலைநிறுத்தாமல் அந்தப் போல்ட்டைத் தொடலாகாது. எந்த வகை என்பதை அந்தப் பொறியின் பழுதுநீக்கக் கையேட்டில் முன்னரே பார்ப்பதே முறை. இழுப்பான் பயன்படுத்தினால் குடத்தைப் பற்றி இழுக்கவேண்டும், வெளிவளையத்தை அன்று. பல பொறிகளில் இந்தப் போல்ட்டு இறுக்கும்போது சிறிது நீளும் வகையைச் சேர்ந்தது. அதனை மீண்டும் பயன்படுத்தாமல் புதியதைப் பொருத்தி, முறுக்குவிசை அளவு கருவியால் (டார்க் ரெஞ்சு) குறித்த அளவுக்கும் கோணத்துக்கும் இறுக்கவேண்டும்.

பறத்தல் பற்றிய ஆய்வு

1892 வாக்கில், அமெரிக்கக் கடற்பயணம் ஒன்றில், சிறகடிக்காமலே கப்பலைத் தொடர்ந்த கடற்காகங்களைக் கண்டு லான்செஸ்டர் பறத்தலை ஆராயத் தொடங்கினார். தம் கருத்துகளை 1894 இல் பர்மிங்காமில் ஓர் உரையாக அளித்தார். 1897 இல் எழுதிய கட்டுரையை அறிவியல் கழகம் வெளியிட மறுத்தது. ரைட் உடன்பிறப்புகள் பறப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, காற்றைவிடக் கனமான பொறி பறப்பது பற்றிய ஆய்வு பலருக்கு வீண் கற்பனையாகவே தோன்றியது.

1907, 1908 ஆம் ஆண்டுகளில் அவர் இரண்டு பெரிய நூல்களை வெளியிட்டார். இறக்கையைச் சுற்றிக் காற்றின் சுழலோட்டம் உண்டு என்றும், அது இறக்கை முனைகளில் சுழல்களாகப் பின்னே நீள்கிறது என்றும் அவற்றில் விளக்கினார். 1908 இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்குச் சென்று லுட்விக் பிராண்டிலைச் சந்தித்தார். பிராண்டில் பின்னர் முழுமையான கணித வடிவில் இறக்கைக் கோட்பாட்டை வெளியிட்டார். லான்செஸ்டரின் எழுத்து கடினமானது. தாமே படைத்த கலைச்சொற்கள் மிகுந்தது. அவருக்குரிய பெருமை தாய்நாட்டில் காலந்தாழ்ந்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

முதல் உலகப்போர் தொடங்கிய 1914 இல் அவர் எழுதிய கட்டுரைகளில் புகழ்பெற்ற இருபடி விதி இடம்பெற்றது. தொலைவிலிருந்து சுடும் ஆயுதங்களுடன் நடக்கும் போரில் ஒரு படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் இருபடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்பது இவ்விதி. ஒத்த திறனுடைய ஆயிரவர் இருபுறமும் இருந்து, ஒரு தரப்பு ஐந்நூறு ஐந்நூறாகப் பிரிந்து அடுத்தடுத்துப் போரிட்டால், அத்தரப்பு முழுதும் அழியும். மறுதரப்பில் ஏறத்தாழ 707 பேர் எஞ்சுவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வளர்ந்த செயற்பாட்டு ஆய்வுத்துறை இவ்விதிகளை முன்னோடியாகக் கொண்டது.

இறுதிக் காலம்

1919 இல் டோரத்தியா கூப்பரை மணந்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. 1922 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1925 இல் ஒலிபெருக்கிகள் முதலியவற்றை உருவாக்க ஒரு சிறு ஆய்வகம் தொடங்கினார். அது பொருள் ஈட்டவில்லை. டெய்ம்லருடனான ஆலோசகர் பணியும் முடிவுக்கு வந்தது. 1931 இல் விமானவியலுக்கான டேனியல் குகன்ஹைம் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. லான்செஸ்டர் மோட்டார் நிறுவனம் டெய்ம்லரின் உரிமையாளர்களால் வாங்கப்பட்டது.

பின்னர் நடுக்குவாத நோயும் கண்பார்வைக் குறைவும் அவரை வாட்டின. எண்ணற்ற காப்புரிமைகள் பெற்றவர் முதுமையில் வறுமையுற்றார். அறநிறுவனங்களின் உதவியாலேயே தம் வீட்டில் தொடர்ந்து வாழ முடிந்தது. புனைபெயரில் கவிதைகளும் எழுதியுள்ளார். 1946 மார்ச் 8 ஆம் நாள் பர்மிங்காம் மோஸ்லி பகுதியில் இருந்த அவ்வீட்டிலேயே காலமானார்.

லான்செஸ்டர் என்ற பெயரில் தானுந்துகள் 1950களின் நடுப்பகுதி வரை விற்பனையாயின. கோவென்ட்ரியில் 1970 இல் அமைந்த பல்தொழில்நுட்பக் கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அது 1992 இல் கோவென்ட்ரி பல்கலைக்கழகம் ஆனது. அதன் நூலகக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. முதல் தானுந்து உருவான பர்மிங்காம் பகுதியில், அவ்வண்டியின் வடிவில் ஓர் உலோகச் சிற்பம் 1995 இல் நிறுவப்பட்டது.