செவாலியர் ஜாக்சன்

தொண்டையில் உணவு செல்லும் வழியும் மூச்சு செல்லும் வழியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நாம் விழுங்கும்போது மூச்சு ஒரு கணம் நிற்கிறது, குரல்வளை மேலெழுகிறது, குரல்வளை மூடி அதன்மேற் கவிகிறது, குரல்நாண்களும் நெருங்கி மூச்சுவழியை அடைக்கின்றன. வாயில் உணவோடு சிரித்தாலும் ஓடினாலும் இக்காவல் தவறக்கூடும். தவறிப் புகுந்ததை இருமல் வெளியே தள்ளும். தள்ளாவிடின் உயிருக்கே இடர் நேரும்.

அத்தகைய இடருற்றோர் பலரைக் காத்தவர் செவாலியர் ஜாக்சன் என்னும் மருத்துவர். அவர் 1865ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பிட்ஸ்பர்க் நகரிற் பிறந்தார். நுனியிற் சிறு விளக்குப் பொருத்திய குழலை வாய்வழியே மூச்சுக்குழலுக்குள் செலுத்தினார். சிக்கிய பொருளைக் கண்ணாற் கண்டு, நீண்ட இடுக்கியாற் பற்றி, கத்தியின்றியே எடுத்தார். திறந்து கிடக்கும் ஊக்கை எடுப்பதோ மிகக் கடினம். வாளா இழுத்தால் அதன் கூர்முனை தசையைக் கிழித்துவிடும். இத்தகையவற்றுக்கெனத் தனிக் கருவிகளை அவரே வகுத்தார். பாலைக்கூட மென்று பருகுமாறு சிறுவர்க்கு அறிவுரை கூறுவார்.

எடுத்த பொருளை உரியவர் கேட்பினும் கொடார். பிற மருத்துவர் கற்கும்பொருட்டுக் குறிப்புடன் காத்து வைப்பார். ஊசி, பொத்தான், நாணயம் என அவர் சேர்த்தவை 2,000க்கு மேற்பட்டவை; பிலடெல்பியா நகரின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் அவை உள்ளன. ஜாக்சன் 1958ஆம் ஆண்டில், தம் 92ஆம் வயதில் மறைந்தார்.