கிட்டார் வாசிக்கத் தெரியாத லியோ ஃபெண்டர்

இந்தச் சுவர் இதழில் வாழ்க்கை வரலாறு என்றால் வழக்கமாகத் தலைவர்களையும் விஞ்ஞானிகளையும் பற்றித்தான் எழுதுவோம். நான் ஒரு ரேடியோ மெக்கானிக்கைப் பற்றி எழுதப் போகிறேன். அவர் பெயர் லியோ ஃபெண்டர். டி.வி.யில் கச்சேரி பார்க்கும்போது கிட்டாரின் தலைப்பக்கத்தில் வளைத்து வளைத்து எழுதிய ஒரு பெயர் தெரியும். பல நேரம் அது இவர் பெயராகத்தான் இருக்கும். இத்தனைக்கும் அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது!

லியோ 1909 ஆகஸ்ட் 10 ஆம் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். ஃபுல்லர்ட்டன், அனஹைம் என்ற ஊர்களின் பக்கத்தில் அவருடைய பெற்றோருக்கு ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. நம்மைப் போல விவசாயக் குடும்பம்தான். எட்டு வயதில் இடது கண்ணில் கட்டி வந்து அந்தக் கண்ணையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் கண்ணாடிக் கண்தான். சின்ன வயதில் பியானோவும் பிறகு சாக்ஸபோனும் கொஞ்சம் கற்றுக்கொண்டார். ஆனால் அவருடைய மனசு வேறு ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது.

அவருடைய மாமா ஒருவர் சாண்டா மரியா என்ற ஊரில் கார் மின்சாதனக் கடை வைத்திருந்தார். அவர் பழைய ரேடியோ பாகங்களை ஒரு பெட்டியில் போட்டு லியோவுக்கு அனுப்பி வைத்தார். பிறகு லியோ அந்தக் கடைக்கே போனபோது, மாமா தானே செய்து வைத்திருந்த ரேடியோ ஸ்பீக்கரில் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கேட்ட அந்தச் சத்தம் அவர் மனதில் அப்படியே தங்கிவிட்டது. எங்க மாமாவும் மைக் செட் வைத்திருக்கிறார். அதனால் எனக்கு இந்த இடம் நன்றாகப் புரிகிறது. ஒரு சின்ன ஒயரை மாட்டினதும் செத்துக் கிடந்த பெட்டி பேச ஆரம்பிக்குமே, அந்த ஆசை ஒருதரம் வந்தால் போகாது.

ஆனால் கல்லூரியில் அவர் படித்தது கணக்குப்பதிவு. ஐஸ் கம்பெனியில் வேலை, அப்புறம் நெடுஞ்சாலைத் துறையில் கணக்கர் வேலை. அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது அந்த வேலையும் போச்சு. 1934 இல் எஸ்தர் என்பவரைத் திருமணம் செய்திருந்தார். 1938 இல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். அப்போது வயது 28. பாட்டுக்குழுக்களுக்கு மைக் செட் செய்து கொடுப்பதும் வாடகைக்கு விடுவதும் அவருடைய தொழில்தான். இதை எங்க மாமாவிடம் சொன்னபோது அவருக்கு ஒரே பெருமை.

கடைக்கு இசைக்கலைஞர்கள் தங்கள் ஆம்ப்ளிஃபையர்களை ரிப்பேருக்குக் கொண்டு வருவார்கள். எது அடிக்கடி உடைகிறது, எது சூடாகி எரிகிறது, எந்த ஒயர் அறுந்து போகிறது என்று எல்லாவற்றையும் லியோ பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். கண் காரணமாக அவரைப் போருக்கு எடுக்கவில்லை. அந்த வருஷங்களில் டாக் காஃப்மேன் என்ற நண்பரோடு சேர்ந்து மடியில் வைத்து வாசிக்கும் கிட்டார் செய்ய ஆரம்பித்தார். இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கு. அவர்கள் கிட்டாரை மட்டும் செய்யவில்லை. கூடவே அதற்கான ஆம்ப்ளிஃபையரையும் செய்து ஜோடியாக விற்றார்கள். கடன் பெருகிவிடுமோ என்று பயந்து காஃப்மேன் 1946 இல் விலகினார். லியோ ஃபெண்டர் என்ற பெயரிலேயே கம்பெனியைத் தொடர்ந்தார்.

ஏன் ஜோடி? மின்கிட்டாரில் கம்பிக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். இரும்புக் கம்பி அதிரும்போது சுருளில் ரொம்பச் சின்ன மின்சாரம் உண்டாகும். மின்காந்தத் தூண்டல் என்று நாம் படித்தது இதுதான். அந்த மின்சாரம் தானாக ஒரு ஸ்பீக்கரை அசைக்காது. ஆம்ப்ளிஃபையர் இல்லையென்றால் மின்கிட்டார் பக்கத்து பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. அதனால் கிட்டார் பாதி, பெட்டி பாதி. (ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஒரே மரப்பெட்டிக்குள் இருப்பதால் இனிமேல் பெட்டி என்றே எழுதுகிறேன்.)

கற்றுக்கொள்பவர்களை லியோ மறக்கவே இல்லை. 1948 இல் சாம்பியன் என்ற குட்டிப் பெட்டியைக் கொண்டு வந்தார். முதலில் 8 அங்குல ஸ்பீக்கர், அடுத்த வருஷமே 6 அங்குல ஸ்பீக்கர். சக்தி 5 வாட்டுக்கும் குறைவுதான். மாணவர்களுக்கான மடிக்கிட்டாரோடு சேர்த்து விற்றார்கள். வீட்டில் உட்கார்ந்து பழக அது போதும். இதன் வழியில் வந்த சாம்ப் என்ற பெட்டியைப் பிற்காலத்தில் பெரிய கலைஞர்களே ஒலிப்பதிவுக் கூடத்தில் வைத்துக்கொண்டார்கள். 1956 இல் சின்னக் கைக்கு எட்டுகிற மாதிரி நீளம் குறைந்த மாணவர் கிட்டார்களும் வந்தன. பெரிய கிட்டாரில் விரல் எட்டாமல் அழுதவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பழைய கிட்டார்களில் உள்ளே வெற்றிடமான மரக்கூடு இருக்கும். அதை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினால் கூ என்று ஊளையிடும். ஆண்டு விழாவில் மைக் கத்துமே, அதே காரணம்தான். 1950 இல் லியோ முழு மரப்பலகையிலேயே கிட்டார் செய்து விற்பனைக்குக் கொண்டு வந்தார். கழுத்துப் பகுதியை ஒட்டாமல் திருகாணி போட்டு மாட்டினார். கெட்டுப்போனால் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். மெக்கானிக் மூளை என்றால் இதுதான்! அதற்கு வைத்த பெயர் பிராட்காஸ்டர். கிரெட்ச் என்ற கம்பெனி அதே உச்சரிப்பில் ஒரு டிரம்முக்குப் பெயர் வைத்திருந்ததால் மாற்றச் சொன்னார்கள். புதுப்பெயர் கிடைக்கும் வரை ஸ்டிக்கரில் அந்தப் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு விற்றார்களாம். பிறகு 1951 இல் டெலிகாஸ்டர் ஆனது. 1954 இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. பின்னால் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையில் உலகம் பார்த்தது அந்தக் கிட்டாரைத்தான்.

எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிவது 1951 இல் அவர் செய்த பிரிசிஷன் பேஸ். அதுவரைக்கும் பாட்டுக்குழுவில் அடிநாதத்துக்கு ஆள் உயரமுள்ள டபுள் பேஸ்தான். நின்றுகொண்டு வாசிக்க வேண்டும், தூக்கிக்கொண்டு போக முடியாது, டிரம்மும் ஊதுகுழல்களும் சேர்ந்தால் கேட்கவும் கேட்காது. லியோ அதைக் கழுத்தில் மாட்டுகிற நான்கு கம்பிக் கிட்டாராக மாற்றினார். கம்பி நீளம் 34 அங்குலம். கழுத்தில் உலோகக் கட்டைகள் பதித்ததால் விரல் வைத்த இடத்தில் சுருதி துல்லியமாக வரும். துல்லியம் என்றுதான் பெயரே!

ஆனால் சிக்கல் வந்தது. கிட்டாருக்குச் செய்த பெட்டியில் பேஸ் கிட்டாரை மாட்டினால் ஸ்பீக்கர் தாங்காது. காரணத்தை ஒலிப் பாடத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். கிட்டாரின் தடித்த கம்பி வினாடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 41 முறைதான். அதிர்வெண் பாதியானால், அதே அளவு சத்தம் வெளியே வர ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நான்கு மடங்கு முன்னும் பின்னும் போய்வர வேண்டும். சின்னக் கூம்பால் அது முடியாது. படபடவென்று அடித்து ஒருநாள் கிழியும். அதனால் லியோ 1952 இல் 15 அங்குல ஸ்பீக்கரோடு பேஸ்மேன் என்ற தனிப்பெட்டியைச் செய்தார். வாத்தியம் வந்த அடுத்த வருஷமே அதற்கேற்ற பெட்டி!

பிறகு 1954 கடைசியில் பேஸ்மேனில் ஒரே பெரிய ஸ்பீக்கருக்குப் பதிலாக நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களை வைத்தார். அதை யார் அதிகம் விரும்பினார்கள் தெரியுமா? கிட்டார் வாசிக்கிறவர்கள்! பேஸுக்குச் செய்த பெட்டியில் கிட்டாரை மாட்டி, அந்த நாதம் பிடித்துப்போய் அதையே வைத்துக்கொண்டார்கள். லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் என்பவர் 1962 இல் பேஸ்மேனின் மின்சுற்றை மாதிரியாக வைத்துத்தான் தன் முதல் பெட்டியைச் செய்தார். இப்போது மார்ஷல் என்ற பெயரும் உலகம் முழுக்கத் தெரியும்.

இதை நான் விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கு. நம் பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் ஒரு மின்கிட்டாரும் ஒரு பேஸ் கிட்டாரும் கொடுத்திருக்கிறார். இரண்டும் அலுவலக அறை பீரோ பக்கத்தில் உறையோடு நிற்கின்றன. பெட்டி கிடையாது. பணம் ஒரு பெட்டிக்குத்தான் தேறும் என்கிறார்கள். 15 வாட் கிட்டார்ப் பெட்டி ஒன்று வாங்கி இரண்டையும் அதிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்று பேச்சு நடக்கிறது. பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், லியோவின் கதையைப் படித்த பிறகு எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பேஸ் பெட்டியே வாங்கலாம். கிட்டாரைப் பேஸ் பெட்டியில் மாட்டினால் ஒன்றும் கெடாது. கொஞ்சம் மழுங்கலாகக் கேட்கும், அவ்வளவுதான், பழகுவதற்குத் தாராளமாகப் போதும். பேஸைச் சின்னக் கிட்டார்ப் பெட்டியில் சத்தமாக வைத்தால் பெட்டியே போய்விடும்.

வகுப்பறை அளவுக்குக் கிட்டாருக்கு 10 முதல் 20 வாட் போதும். பேஸுக்கு 40 வாட்டாவது இருந்தால்தான் கரகரப்பு இல்லாமல் வரும். ஸ்பீக்கர் 10 அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாட் இரண்டு மடங்கு ஆனால் சத்தமும் இரண்டு மடங்கு ஆகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு மடங்கு வாட்டுக்கு 3 டெசிபெல்தான் கூடும், காதுக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம் தெரியும். மாமாவின் மைக் செட்டில் மாட்டலாமே என்று சிலர் கேட்டார்கள். குழாய் ஸ்பீக்கரில் அடிநாதம் வரவே வராது. பேச்சுக்கும் அறிவிப்புக்கும் செய்த ஸ்பீக்கர் அது. மாமாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சரி, லியோவிடம் திரும்புவோம். தான் செய்வதை ஒருநாளும் முடிந்தது என்று அவர் வைக்கவில்லை. தனக்கு வாசிக்கத் தெரியாததால் வாசிக்கத் தெரிந்தவர்களிடம் கொடுத்துக் குறை கேட்பார். குறை சொன்னால் திருத்திவிட்டு மறுபடி கொடுப்பார். ரிப்பேர் செய்பவன் கஷ்டம் அவருக்குத் தெரியும் என்பதால் பெட்டிகளை எளிதாகத் திறந்து சரிசெய்கிற மாதிரி செய்தார். வெளியே பயணப் பெட்டிக்கு ஒட்டுகிற துணியை ஒட்டினார்.

1960 களில் அவருக்குத் தொற்று நோய் ஒன்று வந்து தீராமல் இழுத்தது. இனி அதிக நாள் இருக்க மாட்டோம் என்று நினைத்து 1965 ஜனவரியில் கம்பெனியைச் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அதன் பிறகு வேறு ஒரு மருத்துவர் கொடுத்த மருந்தில் நோய் குணமாகிவிட்டது! கம்பெனி மட்டும் திரும்ப வரவில்லை. ஒப்பந்தப்படி பத்து வருஷம் போட்டியாகத் தொழில் செய்யவும் கூடாது. பணம் நிறைய இருந்தது, சும்மா இருந்திருக்கலாம்.

அவர் சும்மா இருக்கவில்லை. 1975 இல் மியூசிக் மேன் கம்பெனிக்குத் தலைவரானார். அங்கேயும் கிட்டார், பேஸ், பெட்டி மூன்றும்தான். 1976 இல் வந்த ஸ்டிங்ரே பேஸுக்குள்ளேயே பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபையர் இருந்தது. (அந்த மாதிரிப் பேஸில் வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் பேட்டரி காலியாகும். நம் பேஸில் பேட்டரி இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும்.) 1979 இல் மனைவி எஸ்தர் இறந்தார். அடுத்த வருஷம் ஃபிலிஸ் என்பவரை மணந்தார். பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு சேர்ந்து ஜி அண்ட் எல் என்ற கம்பெனியையும் ஆரம்பித்தார்.

கடைசி வருஷங்களில் பார்க்கின்சன் நோய் வந்தது. கை கால் நடுங்கும் நோய் அது. நுணுக்கமான ஒயர் வேலை செய்த கைக்கு அப்படி ஒரு நோய் வந்ததைப் படிக்கும்போது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அப்படியும் தினமும் பட்டறைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். இறப்பதற்கு முந்தின நாள்கூடப் போனார். 1991 மார்ச் 21 ஆம் தேதி, 81 வயதில், ஃபுல்லர்ட்டனிலேயே காலமானார். மறு வருஷம் ராக் இசைக் கலைஞர்களுக்கான புகழ் மண்டபத்தில் அவர் பெயரையும் சேர்த்தார்கள்.

நம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெட்டி விஷயம் பேசும்போது யாராவது 41, 82 என்ற இரண்டு எண்களையும் ஞாபகப்படுத்தினால் நல்லது. கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் வரலாம், நோட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி