அல்லிக்குளத்து ஓவியர்

குட்டீஸ், உங்கள் ஓவியங்களைக் கண்காட்சியில் வைக்கப் போகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். அது நெருங்கும் நேரத்தில், அவற்றை நீங்களே கிழித்துப் போடுவீர்களா? பிரான்ஸ் நாட்டு ஓவியர் கிளாட் மோனே அப்படிச் செய்தவர்!

1840ல் பாரிஸில் பிறந்த மோனே, 1883ல் ஜிவர்னி கிராமத்தில் குடியேறினார். பின்னர் அங்கே குளம் வெட்டி, அல்லி வளர்த்தார். அதை எத்தனை முறை வரைந்தும் அவருக்கு அலுக்கவில்லை.

குளத்து நீர் காலையில் ஒரு நிறம், மாலையில் வேறு நிறம். மேகம் வந்தாலும் மாறிவிடும். அதனால் ஒரே சமயத்தில் பல படங்களை வரைவார். வெளிச்சம் மாறியதும் கையிலிருப்பதை வைத்துவிட்டு, அந்த வெளிச்சத்துக்கு உரிய படத்தை எடுப்பார். மழை வந்தால்? அன்றைய வேலை அம்பேல்!

இவற்றைப் பாரிஸில் காட்சிக்கு வைக்க, ஓவிய வியாபாரி டுராண்ட் ருயல் விரும்பினார். 1907ல் நடப்பதாக இருந்தது. படங்கள் தயாராகவில்லை என்று மோனே தள்ளிப்போட்டார். அடுத்த ஆண்டு மே மாதம், திருப்தியில்லாமல் குறைந்தது 15 படங்களை அழித்தே விட்டார். கத்தியும் தூரிகையுமாக அழித்தார் என்று பத்திரிகைகள் எழுதின. எத்தனை நாள் உழைப்பு! அதில் ஒன்றிரண்டாவது நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது, இல்லையா?

கண்காட்சி மறுபடியும் தள்ளிப் போனது. பாவம், வியாபாரி!

ஒருவழியாக 1909 மே மாதம் கதவு திறந்தது. உள்ளே 48 ஓவியங்கள். அத்தனையும் அதே அல்லிக்குளம்! 1926ல் இறக்கும்வரை, மோனே அந்தக் குளத்தை விடவில்லை. அவரது பிரமாண்டமான அல்லி ஓவியங்கள், பாரிஸ் ஓராஞ்சரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.