எம். ஜே. கோபாலன்

எம். ஜே. கோபாலன் (சூன் 6, 1909 – டிசம்பர் 21, 2003) சென்னையைச் சேர்ந்த விளையாட்டு வீரர் ஆவார். கிரிக்கெட் எனப்படும் துடுப்பாட்டம், ஹாக்கி எனப்படும் வளைதடிப் பந்தாட்டம் ஆகிய இரண்டிலும் இந்திய அணிக்காக ஆடிய மிகச் சிலருள் இவரும் ஒருவர். ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளின் முதல் பந்தை வீசியவர் இவரே. இந்தியாவில் விளையாட்டையே பிழைப்பாகக் கொள்ள இயலாதிருந்த காலத்தில், அலுவலகப் பணியில் இருந்தவாறே கால் நூற்றாண்டுக் காலம் முதல்தரப் போட்டிகளில் ஆடினார்.

பிறப்பும் இளமையும்

கோபாலன் அன்றைய சென்னை மாகாணத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில், மொறப்பாக்கம் என்னும் ஊரில் பிறந்தார். பெயரின் முதல் எழுத்து அவ்வூரைக் குறிப்பதாகும். தாம்பரமும் அதன் தெற்கே அமைந்த ஊர்களும் அக்காலத்தில் இம்மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர்களாகவே இருந்தன. புல்தரை மைதானம், கழகம், பயிற்சி, தேர்வாளர்களின் பார்வை ஆகிய அனைத்தும் சென்னை நகருக்குள்ளேயே அமைந்திருந்தன. கோபாலனின் குடும்பம் திருவல்லிக்கேணியில் குடியேறியது அவருக்கு நல்வாய்ப்பாயிற்று. சேப்பாக்கம் மைதானம் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. திருவல்லிக்கேணி துடுப்பாட்டக் கழகத்திற்காக இவர் நெடுங்காலம் ஆடினார்.

பணியும் விளையாட்டும்

கோபாலனின் பந்துவீச்சுத் திறனை முதலில் கண்டறிந்தவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். இவர் இங்கிலாந்தின் கென்ட் அணிக்கு ஆடியவர். பின்னர் சென்னை அணியின் தலைவராகவும் இருந்தார். பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பணிபுரிந்த ஜான்ஸ்டன், அந்நிறுவனத்திலேயே கோபாலனுக்கு வேலை பெற்றுத் தந்தார்.

இவ்வேலையின் பொருளை அக்காலச் சூழலில் வைத்தே அறிய வேண்டும். அமெரிக்காவில் பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டம் ஆடுவோர் அப்போதே ஒப்பந்த ஊதியம் பெற்று வந்தனர். இங்கிலாந்தின் மாவட்ட அணிகளில் ஊதியம் பெறும் ஆட்டக்காரர், ஊதியம் பெறாத ஆட்டக்காரர் என்னும் இரு பிரிவுகள் இருந்தன. அப்பிரிவினை 1962 இல் தான் நீக்கப்பட்டது. சென்னையில் இவ்விரு ஏற்பாடுகளுமே இல்லை. திறமை மிக்க இளைஞர் ஒருவர் தொடர்ந்து ஆட வேண்டுமானால், ஆட்டத்திற்காக விடுப்பு அளிக்கும் ஒரு வேலை அவருக்குத் தேவைப்பட்டது. அவ்வகையில் பந்துவீச்சுத் திறன் கோபாலனுக்கு வேலையைத் தந்தது. வேலை அவரது ஆட்டத்தைக் காத்தது. பின்வந்த காலத்தில் வங்கிகளும் இரயில்வேயும் விளையாட்டு வீரர்களுக்குப் பணி வழங்கியது இதே முறையின் தொடர்ச்சியாகும்.

துடுப்பாட்டம்

வலக்கை மித வேகப் பந்துவீச்சாளரான கோபாலன், 1926-27 பருவத்தில் முதல்தரப் போட்டிகளில் அறிமுகமானார். சென்னையில் பொங்கலையொட்டி ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் இடையே நடைபெற்ற மாகாணப் போட்டிகளில் இந்தியர் அணிக்காக ஆடினார்.

1934 சனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணிக்கு எதிராகத் தேர்வுப் போட்டியில் ஆடினார். முதல் ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 11 ஓட்டங்களும், இரண்டாம் ஆட்டத்தில் 7 ஓட்டங்களும் எடுத்தார். ஒரு விக்கெட்டையும் கைப்பற்றினார். இதுவே அவர் ஆடிய ஒரே தேர்வுப் போட்டியாகும். அடுத்த மாதம் சேப்பாக்கத்தில் முதன்முறையாகத் தேர்வுப் போட்டி நடைபெற்றபோது, சொந்த மைதானத்தில் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னை, மைசூர் அணிகளுக்கு இடையே ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டி தொடங்கியது. அதன் முதல் பந்தைக் கோபாலன் வீசினார். மைசூர் அணி 48, 59 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. சென்னை அணி 130 ஓட்டங்கள் எடுத்து ஒரே நாளில் வெற்றி பெற்றது. ஏ. ஜி. ராம்சிங் இப்போட்டியில் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

வளைதடிப் பந்தாட்டம்

வளைதடிப் பந்தாட்டத்தில் கோபாலன் நடுக்களக் காப்பு ஆட்டக்காரர். 1935 இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்குச் சென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். அப்பயணத்தில் இந்திய அணி 48 போட்டிகளில் 584 கோல்கள் அடித்தது.

1936 ஆம் ஆண்டின் தெரிவு

1936 இல் இந்தியத் துடுப்பாட்ட அணி இங்கிலாந்துக்கும், வளைதடிப் பந்தாட்ட அணி பெர்லின் ஒலிம்பிக்கிற்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் சென்றன. இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் கோபாலன் துடுப்பாட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்.

விசயநகரம் மகாராஜகுமார் தலைமையிலான அவ்வணியில் வேகப்பந்து வீச்சுக்கு முகமது நிசார், அமர்சிங், ஜகாங்கீர் கான் ஆகியோர் இருந்தனர். மூன்று தேர்வுப் போட்டிகளில் ஒன்றில் கூட கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை. அதே பயணத்தில் சென்ற மற்றொரு சென்னை வீரரான கோட்டா ராமசாமி, டேவிஸ் கோப்பை டென்னிஸிலும் இந்தியாவுக்காக ஆடியவர். அவர் இரு தேர்வுப் போட்டிகளில் ஆடினார். ஆகஸ்ட் 15 அன்று இலண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாம் போட்டி தொடங்கியது. அதே நாளில் பெர்லினில் இந்திய வளைதடிப் பந்தாட்ட அணி செருமனியை 8-1 என்ற கோல் கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

இதன்பின் இந்தியாவுக்கு 1946 வரை தேர்வுப் போட்டி எதுவும் அமையவில்லை. இரண்டாம் உலகப் போரின் காரணமாக 1940, 1944 ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளும் நடைபெறவில்லை. இழந்த வாய்ப்பு இரு ஆட்டங்களிலும் மீண்டும் வரவில்லை. 1936 இல் 27 வயதினராக இருந்த கோபாலன், 1946 இல் 37 வயதை எட்டியிருந்தார்.

பிற்காலம்

தேர்வுப் போட்டி வாய்ப்பு இல்லாதபோதும் கோபாலன் ஆடுவதை நிறுத்தவில்லை. 1951-52 வரை முதல்தரப் போட்டிகளில் ஆடினார். சென்னை அணிக்குத் தலைமையும் தாங்கினார். 78 முதல்தரப் போட்டிகளில் 194 விக்கெட்டுகளை வீழ்த்தியுள்ளார். 1950களில் இந்திய அணியின் தேர்வாளர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார்.

முதல்தரப் போட்டிகளில் அவர் 25 ஆண்டுகள் நிறைவு செய்ததைச் சிறப்பிக்கும் வகையில், சென்னை, இலங்கை அணிகளுக்கு இடையே கோபாலன் கோப்பை 1952-53 பருவத்தில் தொடங்கப்பட்டது. 1981 இல் தேர்வுத் தகுதி பெறுவதற்கு முன் இலங்கை வீரர்களுக்குக் கிடைத்த முதல்தரப் போட்டிகளுள் இது முதன்மையானது.

மறைவு

கோபாலன் 2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் காலமானார். அப்போது உயிருடன் இருந்த தேர்வுத் துடுப்பாட்ட வீரர்களுள் இவரே மூத்தவர். இந்தியாவில் துடுப்பாட்ட வீரர்களை ஏலத்தில் எடுத்துப் பெருந்தொகை வழங்கும் இந்தியன் பிரீமியர் லீக் போட்டிகள் அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின், 2008 இல் தொடங்கின.